வளாகத்தில் வழிபாட்டுக்கு இடம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கட்டடப் பராமரிப்பைப் பல வருடம் பார்த்தவன் நான். தொழுகை அறை, தேர்வு நாள் என்று நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. தெரிந்தவரை சொல்கிறேன்.

சார், தொழுகைக்கு முன் முஸ்லிம் மாணவர்கள் கழிப்பறை வாஷ்பேசினில் காலைத் தூக்கிவைத்துக் கழுவுகிறார்கள். தரையெல்லாம் ஈரம். தடை போடலாமா?

போட்டாலும் பயனில்லை. முகம், முழங்கை வரை கை, கால் எல்லாம் கழுவி ஒளு (தொழுகைக்கு முந்தைய சுத்தம்) செய்தால்தான் தொழ முடியும். லுஹர் (நண்பகல்), அஸர் (பிற்பகல்) தொழுகைகள் வகுப்பு நேரத்தில்தான் வரும். இடுப்பு உயர பேசினில் ஒற்றைக்காலில் நின்று கழுவுகிறவர் வழுக்கி விழலாம். சுவரிலிருந்து பெயர்ந்துவிட்ட பேசினை நானே மாற்றியிருக்கிறேன். தாழ்வான குழாய், உட்கார ஒரு திண்டு, நல்ல வடிகால், வழுக்காத டைல்ஸ் இருந்தால் போதும்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டியர்பார்ன் வளாகம் 2007-ல் சுமார் 25,000 டாலர் செலவில் கால் கழுவும் தொட்டிகள் வைக்க முடிவு செய்தபோது பெரிய சர்ச்சை கிளம்பியது. சுகாதாரமும் பாதுகாப்பும்தான் காரணம் என்றது நிர்வாகம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. சேற்றுக் காலோடு மைதானத்திலிருந்து வருகிறவரும் அந்தக் குழாயைத் திறக்கலாமே! ஆனால் ‘இஸ்லாமியருக்கு மட்டும்’ என்று பலகை மாட்டினால் முதலில் எதிர்க்கிறவன் நான்.

அரசு இடத்தில் மதக் கூட்டத்துக்கு அறை கொடுப்பது சரியா?

மற்ற மாணவர் மன்றங்களுக்குக் கொடுக்கிறீர்களா? அப்படியானால் இவர்களுக்கும் கொடுங்கள். மிசௌரி பல்கலைக்கழகம் ஒரு மத மன்றத்துக்கு மட்டும் அறை மறுத்தது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1981-ல் சொல்லிவிட்டது. விட்மர் எதிர் வின்சென்ட் வழக்கு அது. எல்லா இடத்திலும் சட்டம் ஒன்றல்ல. இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தின் முக்காடு தடையை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2005-ல் ஏற்றுக்கொண்டது. அந்த வழக்கில், தலைத்துணிக்காக ஒரு மருத்துவ மாணவியைத் தேர்வறைக்குள் விடாததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

ஒரே அறையை எல்லா மதத்தினரும் எப்படிப் பகிர்வது?

நிரந்தரச் சின்னம் எதுவும் வேண்டாம். பாயும் நூல்களும் பூட்டுள்ள அலமாரியில் இருக்கட்டும், கிப்லா (தொழும்போது நோக்கும் மக்கா) திசைக்குக் கூரையில் சின்னதாக ஒரு அம்புக்குறி போதும். செருப்பு அடுக்கை வாசலுக்கு வெளியே, வழியை மறைக்காமல் வையுங்கள். அப்புறம், வெள்ளிக்கிழமை ஜும்ஆ கூட்டுத் தொழுகைக்கு அந்தச் சின்ன அறை பத்தாது, பெரிய வகுப்பறை ஒன்றை முன்பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். மத நம்பிக்கை இல்லாத ஒருவர் சும்மா பத்து நிமிடம் அமைதியாக உட்கார வந்தாலும் அவருக்கும் அது சொந்த அறைதான்.

ஊதுபத்தி, விளக்கு ஏற்றலாமா மேடம்/சார்?

மூடிய அறையில் வேண்டாம். புகை அலாரம் அடித்தால் கட்டடமே காலியாகும். மின்விளக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என் தோழி யூதர். சனிக்கிழமை தேர்வு வைத்திருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இருட்டும் வரை சப்பாத், அதாவது யூதர்களின் புனித ஓய்வு நாள். அதைக் கடைப்பிடிக்கிறவர்கள் பேனாவே தொடமாட்டார்கள். வேறு நாளில், வேறு வினாத்தாளில் எழுத அனுமதி கேட்கச் சொல்லுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் கேட்டால் நடக்காது, பருவத்தின் முதல் வாரமே எழுத்தில் கொடுக்கட்டும். அட்டவணை போடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ரமலான் ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முன்னால் நகரும். தேதிகளை முடிவு செய்யும் முன்பே அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.