பி.எம்.ஐ. சரியாக இருக்கிறது, தொப்பை மட்டும்தான் இருக்கிறது. சர்க்கரை நோய் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

உயரம் 5 அடி 7 அங்குலம், எடை 65 கிலோ, கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 22.4 வருகிறது. ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பி நிம்மதியாக இருக்காதீர்கள்.

கிட்டத்தட்ட இதே எண்ணோடு 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனேவின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் ஜான் யுட்கினும் அதில் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்குமே பி.எம்.ஐ. 22.3. உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. (யுட்கின் மாரத்தான் ஓடுகிறவர். யாஜ்னிக் ஓடுவது லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஏறத்தான் என்று அவர்களே கிண்டலாக எழுதியிருந்தார்கள்.) புனேயில் பிறந்த குழந்தைகளிடமும் யாஜ்னிக் குழுவினர் இதையே பார்த்தார்கள்: எடை குறைவு, தசை குறைவு, கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. ஆக, எல்லாப் பழியையும் நம் சோற்றுத் தட்டின் மேல் போட முடியாது.

கொழுப்பு எங்கே சேர்கிறது என்பதுதான் விஷயம். தொடையிலும் இடுப்புக்குக் கீழேயும் தோலுக்கடியில் சேர்வது பெரும்பாலும் சாது. அங்கே இடம் போதாமல் போகும்போதுதான் குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் போய்த் தங்குகிறது; பீரோ நிறைந்த வீட்டில் துணி அடுப்படி வரை கிடப்பதுபோல. அப்புறம் இன்சுலின் சொல்வதைக் கல்லீரல் கேட்காது, ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறும். பிறவியிலேயே தோலடிக் கொழுப்பு அறவே இல்லாதவர்கள் உண்டு. இளவயதிலேயே அவர்களுக்குக் கடுமையான சர்க்கரை வந்துவிடுகிறது. பருமனான பெண்களின் வயிற்றுத் தோலடியிலிருந்து சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்த ஓர் ஆய்வும் 2004-இலேயே வந்தது. இடுப்பளவு குறைந்தது, இன்சுலின் வேலை செய்யும் விதத்தில் மாற்றமே இல்லை. லைப்போசக்‌ஷன் விளம்பரங்களில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

என் பெரியப்பா 60 கிலோவைத் தாண்டியதே இல்லை. "எனக்கெல்லாம் சர்க்கரை வராதுடா" என்பார். வந்தது, ஃபேட்டி லிவரோடு (கல்லீரலில் கொழுப்பு). பேண்ட் சைஸ் 34-தானே என்று கேட்பார். பேண்டை அவர் தொப்பைக்குக் கீழே கட்டுவார்; டேப்பைச் சரியான இடத்தில் வைத்தால் 38 அங்குலம்.

நீங்களும் டேப்பால் அளந்து பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டபின். வயிற்றை எக்கக் கூடாது. நம்மவர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை. தாண்டியிருந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி. (கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), லிப்பிட் புரொஃபைல் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை) மூன்றையும் பார்த்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

வயிற்றுக்கான பயிற்சி மட்டும் செய்தால் உள்ளே இருப்பது கரையாது. வேகநடையும், தொடைக்கு வேலை கொடுக்கும் உட்கார்ந்து எழும் பயிற்சியும் சேர்ந்தால் நல்லது. உங்கள் எடைக்கு 3, 4 கிலோ குறைந்தாலே போதும். உட்கொழுப்புதான் முதலில் இறங்க ஆரம்பிக்கும்.