வீட்டு வைஃபை: ரூட்டர் வாங்கும் முன் கேட்டவையும் சொன்னவையும்

மதுரையிலிருந்து: அண்ணே, 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கோம். கம்ப்யூட்டரில் வயர் போட்டும் 94-க்கு மேல ஏற மாட்டேங்குது. ரூட்டரை மாத்திடவா?

அவசரப்படாதீங்க தம்பி. 94 என்றதுமே எனக்குப் பிடிபட்டுவிட்டது. 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் (வயர் செருகும் இடம்) கைக்கு வந்து சேர்வது ஏறக்குறைய அவ்வளவுதான். ரூட்டர் அட்டைப்பெட்டியில் 'ஏசி1200' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 300, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 867 என இரண்டையும் கூட்டி, தோராயமாகச் சொல்லும் வைஃபை கணக்கு. பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் '10/100' என்று இருந்தால் வயரில் 100-ஐத் தாண்டவே தாண்டாது. '10/100/1000' இருக்கிறதா பாருங்கள்.

இருந்தும் 94 என்றால் வயரைச் சந்தேகப்படுங்கள். லேன் வயருக்குள் 4 ஜோடி, மொத்தம் 8 கம்பி. 100-க்கு 2 ஜோடி போதும், 1000-க்கு நாலும் வேண்டும். போன மாதம் ஒரு வீட்டில் இதே தகராறு. கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நீலக் கம்பி மட்டும் முனைவரை வராமல் பாதியில் நிற்கிறது. வெட்டிவிட்டு வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று அடுக்கி மறுபடி கிரிம்ப் செய்தேன் (கனெக்டரை அழுத்திப் பொருத்தினேன்). வேகம் வந்துவிட்டது. புது ரூட்டர் வாங்கியிருந்தால் காசு தண்டம்.

திருச்சியிலிருந்து: ரூட்டர் கீழே ஹாலில் இருக்கிறது. மாடி அறையில் சிக்னல் ஒரு கோடுதான். சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் போதுமா, பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடும் மெஷ் வாங்கணுமா சார்?

முதலில் ரூட்டரை டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்து எடுத்து, மாடிப்படி பக்கம் உயரத்தில் மாட்டிப் பாருங்கள். கான்கிரீட் தளத்தைக் கடக்கும்போது 5 கிகாஹெர்ட்ஸ் ரொம்பவே சோர்ந்துபோகும், 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதிலும் சரிவராவிட்டால், மேலே ஒரு கேட்6 லேன் வயர் இழுத்து, இரண்டாவது ரூட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறையில் (வயரில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் முறை) வையுங்கள். பழைய ரூட்டரே போதும். சாதாரண ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கி, அதிலேயே கொடுப்பதால் வேகம் பாதியாகிவிடும். மெஷ் நல்ல பொருள்தான், ஆனால் அதன் பெட்டிகளையும் வயரில் இணைத்தால்தான் கொடுத்த காசுக்கு முழுப் பலன்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: பூச்சு வேலைக்கு முன்பே ஒவ்வொரு மாடிக்கும் லேன் வயருக்கென்று தனி பைப் போடச் சொல்லுங்கள். கரண்ட் வயரோடு சேர்த்து இழுக்க விடாதீர்கள். வயரில் 'சிசிஏ' என்று இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். முழுச் செம்பாகக் கேட்டு வாங்குங்கள்.

கோவையிலிருந்து: ஆறு ஆன்டெனா இருக்கும் ரூட்டர் நல்லதா? வைஃபையின் புதிய தலைமுறையான வைஃபை 7 வாங்கலாமா?

ஆன்டெனாவை எண்ணி வாங்காதீர்கள். வைஃபை 6, ஜிகாபிட் போர்ட் (மேலே சொன்ன 1000 போர்ட்), டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறை, இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலான வீடுகளுக்குத் தாராளம். உங்கள் போனும் லேப்டாப்பும் வைஃபை 7-ஐ ஏற்காதவரை அதற்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

சேலத்திலிருந்து: வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். கரண்ட் போனால் மீட்டிங் நடுவிலேயே நெட் போய்விடுகிறது அண்ணா.

மினி யூபிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள்மா. வாங்கும் முன் ரூட்டர் அடாப்டரைத் திருப்பி, அதில் ஒட்டியிருக்கும் 'அவுட்புட்' வரியைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும், சிலவற்றில் 9. வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம். வெளியிலிருந்து நெட் வரும் ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்துக் கொடுங்கள். ரூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் வைஃபை காட்டும், நெட் வராது.