போபோவுக்கு ஜாமீன் யார்?

(வாசகர் கேள்விகளுக்கு, வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.)

வாசகர், பாரிஸ்: அம்மா, நான் யாழ்ப்பாணத்துக்காரன். லா ஷப்பெல் பக்கம் ஒரு பலசரக்குக் கடையில் நிற்கிறேன். மகள் இங்கேயே பிறந்து படித்தவள். நாடகங்களுக்கு மேடை வடிவமைத்துக் கொடுத்துச் சீவிக்கிறாள். பழைய உடுப்பு, சைக்கிள், மருந்தடிக்காத மரக்கறி, சான் மார்த்தன் கால்வாய்க் கரையில் சிநேகிதர்கள். அவளை ஒருத்தன் 'போபோ' என்று பகிடி பண்ணினானாம். கோபத்தோடு வீட்டுக்கு வந்தாள். இது ஏச்சா, புகழ்ச்சியா? கடையில் மூட்டை தூக்குகிறவனின் பிள்ளை எப்படித் திடீரென்று பூர்ஷ்வா ஆகும்?

பதில்: ஏச்சுதான். ஆனால் அதிகம் வலிக்காத ஏச்சு. பூர்ஷ்வா (வசதியான நடுத்தர வர்க்கம்) பாதி, பொஹீமியன் (ஊர் வழக்கத்துக்குக் கட்டுப்படாத கலைஞர்) பாதி என்று ஒட்டிப் பண்ணிய பெயர். அமெரிக்கப் பத்திரிகையாளர் டேவிட் புரூக்ஸ் 2000-ல் எழுதிய புத்தகத்தால் ஊரெல்லாம் பரவியது. அறுபதுகளில் சமூகத்தைத் திட்டிக்கொண்டு திரிந்தவர்களின் ரசனையும், எண்பதுகளில் பணம் பண்ணியவர்களின் சம்பளமும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்துவிட்டன என்றார் அவர். அவருடைய கேலி பெரும்பாலும் செலவுக் கணக்கில்தான். நகைக்குப் பணத்தைக் கொட்டினால் பகட்டு; அதே பணத்தைக் குளியலறைக் கல்லுக்குக் கொட்டினால் எளிமை. எனக்கு இது புதிதில்லை. 'கார் எதற்கு மேடம், பஸ் போதும்' என்று சொன்னவரே ஆத்தங்குடிக் கல் பதிக்க டாப்-அப் கடன் (இருக்கிற வீட்டுக் கடனுக்கு மேல் இன்னொரு கடன்) கேட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். (எங்கள் வீட்டு பால்கனியிலும் ஒரு பித்தளை அண்டாவில் செடி நிற்கிறது. ஆகவே அதிகம் பேசாமல் இருப்பது நல்லது.)

புரூக்ஸ் பேசியது கை நிறையச் சம்பாதிப்பவர்களைப் பற்றி. பாரிசுக்குப் போனதும் அந்தப் பெயர் சைக்கிள் ஓட்டுபவர், இடதுசாரிக்கு ஓட்டுப் போடுபவர், தாடி வைத்தவர் என்று எல்லோர் தலையிலும் விழ ஆரம்பித்தது. பாடகர் ரெனோ 2006-ல் இவர்களைக் கிண்டல் பண்ணி ஒரு பாட்டே போட்டார். கடைசியில், யோசித்துப் பார்த்தால் நானும் அந்தக் கூட்டம்தான் என்று அவரே சொல்லி முடித்தார். ஆனால் பொதுவாக இது பக்கத்து மேசைக்காரரைச் சொல்லும் பெயர். விண்ணப்பத்தில் யாரும் தன்னை அப்படி எழுதுவதில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விதான் நல்ல கேள்வி. அதற்கு ஒரு பழைய ஆளைச் சொல்கிறேன். ஆன்ரி முர்ஜே என்ற எழுத்தாளர் 1840-களில் பாரிசின் ஏழைக் கலைஞர்களை, அதாவது பொஹீமியன்களைப் பற்றித் தொடராகக் கதைகள் எழுதினார். பின்னால் 1896-ல் புச்சினியின் ஓபராவாக உலகம் சுற்றியது அந்தக் கதைகள்தான். முர்ஜேயின் அப்பா தையல்காரர்; ஒரு குடியிருப்பில் காவல் வேலையும் பார்த்தவர். 1849-ல் கதைகள் நாடகமாகி ஓடின, கையில் காசு வந்தது. மனிதர் உடனே ஏழைக் கலைஞர்கள் இருந்த கரையை விட்டு ஆற்றின் வலது கரைக்குக் குடிபோய்விட்டார். வசதி வந்தால் வேண்டாம் என்று சொல்ல அவர் ஒன்றும் துறவி இல்லை. அதனால் தொழிலாளி வீட்டுப் பிள்ளை இந்தப் பக்கம் வருவது இன்று நேற்றுக் கதை இல்லை.

சரி, உங்கள் மகள் எந்த வர்க்கம்? சமூகவியலாளர் பூர்தியூ 1979-ல் சொன்னபடி பார்த்தால், பணம் ஒரு சொத்து, படிப்பும் ரசனையும் இன்னொரு சொத்து. உங்கள் மகளிடம் இரண்டாவது நிறைய இருக்கிறது. முதலாவது எவ்வளவு என்று உங்களுக்குத்தான் தெரியும். பிரெஞ்சு அரசின் தொழில் வகைப்பாட்டைப் பார்த்தாலோ இன்னும் வேடிக்கை. வழக்கறிஞர், கம்பெனி இன்ஜினீயர், நாடகக் கலைஞர் மூவரும் ஒரே பெரிய பிரிவில் வருகிறார்கள். அதில் ஒருவருக்கு மாதச் சம்பளம், இன்னொருவருக்கு அடுத்த மாதமே தெரியாது.

கடன் பிரிவில் இருந்தவள் என்பதால் எனக்குக் கேட்கத் தோன்றுவது ஒன்றுதான்: ஜாமீன் யார்? பாரிசில் வாடகை வீடு தேடிய உங்களுக்கே தெரிந்திருக்கும். வாடகையைப் போல மூன்று மடங்கு சம்பளம் காட்டு, நிரந்தர வேலைக் காகிதம் காட்டு, இல்லாவிட்டால் ஜாமீனுக்கு ஆளைக் கூட்டி வா என்பார்கள். கால்வாய்க் கரைக் கஃபேயில் ஒரே மாதிரித் துணிப்பையோடு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்திக்குச் சொந்த வீடு வைத்திருக்கும் அப்பா கையெழுத்துப் போடுவார். மற்றவளின் அப்பா நீங்கள். இருவரையும் போபோ என்கிறான் அந்தப் பையன்.

மேடைக் கலைஞர்களுக்கு அங்கே அரசாங்கமே ஒரு மாதிரி ஜாமீன் நிற்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 12 மாதத்தில் 507 மணி நேர வேலை காட்டினால், வேலை இல்லாத நாட்களுக்குப் படி கிடைக்கும். உங்கள் மகள் இந்தத் திட்டத்தில் இருந்தால், வருடம் முழுவதும் மணிக்கணக்கு எண்ணிக்கொண்டிருப்பாள். இப்படி மணி எண்ணுகிறவளைப் பூர்ஷ்வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம், இந்தப் பெயரால் லாபம் யாருக்கு என்றும் பாருங்கள். பாரிசில் வீட்டு விலை 2019-ல் சதுர மீட்டருக்கு 10,000 யூரோவைத் தாண்டியது. அக்கம்பக்கத்தில் வாடகை ஏறினால் திட்டு விழுவது சைக்கிளில் வரும் உங்கள் மகளுக்கு. கட்டடத்தின் சொந்தக்காரர் பெயரை யாரும் எடுப்பதில்லை. அங்குள்ள சமூகவியலாளர்கள் சிலர் 2018-ல் போட்ட புத்தகத்துக்கு 'போபோக்கள் இல்லை' என்றே தலைப்பு வைத்தார்கள். அடுத்த தடவை பகிடி பண்ணினால், அவன் வீட்டு வாடகைப் பத்திரத்தில் ஜாமீன் யார் என்று கேட்கச் சொல்லுங்கள்.

வாசகி, சென்னை: நாங்கள் இருவரும் ஐடி. ஈசிஆரில் மண் வீடு கட்டி, ஓவியம் வரைந்துகொண்டு இருக்க ஆசை. 'பணக்கார ஹிப்பி' என்கிறார்கள் நண்பர்கள். தப்பா?

பதில்: தப்பே இல்லை, கட்டுங்கள். அதே சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் சென்னைக் கலைக்கல்லூரி ஓவியர்களும் சோழமண்டலம் கலைக் கிராமத்தைத் தொடங்கினார்கள். ஓவியத்தை மட்டும் நம்பினால் அடுப்பு எரியாது என்பதால் பாத்திக் துணியும் (மெழுகு வைத்துச் சாயம் போடும் துணி) கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தக் காசில்தான் நிலம் வாங்கினார்கள். இன்று அந்தப் பக்கம் நிலம் விற்கும் விலையில் பாத்திக் விற்று ஒரு மூலைகூட வாங்க முடியாது. ஐடி சம்பளம்தான் வேண்டும். நண்பர்கள் சொன்னதில் பாதி உண்மை. அதற்காக ஓவியத்தை நிறுத்த வேண்டாம்.

வாசகர், மதுரை: என் அக்கா மகன் ஐடி வேலையை விட்டுவிட்டு நாடகக் குழுவில் சேரப் போகிறான். அவன் ஃபிளாட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்ற நான் ஜாமீன் போட வேண்டுமாம். தயங்கினால், 'மாமா, இதுதான் மிடில் கிளாஸ் புத்தி' என்கிறான்.

பதில்: மிடில் கிளாஸ் புத்தியாகவே இருக்கட்டும், கையெழுத்து உங்களுடையது. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் 128-ஆவது பிரிவைப் படியுங்கள். பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவனைத் துரத்திவிட்டு அப்புறம்தான் உங்களிடம் வர வேண்டும் என்று வங்கிக்குக் கட்டாயம் இல்லை.

மருமகனை உட்கார வைத்துப் பேசுங்கள். எத்தனை மாதத் தவணைக்குக் கையில் பணம் இருக்கிறது? ஃபிளாட்டை வாடகைக்கு விட்டால் தவணையில் எவ்வளவு தேறும்? விற்றுக் கடனை அடைத்துவிட்டு நிம்மதியாக நாடகத்துக்குப் போக ஏன் மனசு வரவில்லை? ஃபிளாட்டும் வேண்டும், நாடகமும் வேண்டும் என்றால் அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் தவணை யார் தலையில் என்பதைப் பேசித்தான் ஆக வேண்டும்.

போடுவது என்றே முடிவு செய்தால், உங்கள் பொறுப்புக்கு ஒரு தொகை வரம்பு எழுதச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக் கடனில் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இருந்தாலும் கேட்டு வையுங்கள். நீங்கள் பிறகு கடன் கேட்டுப் போகும்போது இந்த ஜாமீனும் உங்கள் சிபில் அறிக்கையில் (வங்கிகள் பார்க்கும் கடன் வரலாற்று அறிக்கை) தெரியும்.