பழைய மடிக்கணினிக்கு இரண்டாவது டிஸ்க்: காரைக்குடிப் பட்டறையிலிருந்து சில பதில்கள்

காரைக்குடியில் பதினாறு ஆண்டுகளாக மடிக்கணினி பழுது பார்க்கிறேன். பழைய கணினிக்குள் இன்னொரு டிஸ்க் போடுவதைப் பற்றிச் சுற்று வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பாதிப் பேர் பொருளை வாங்கிவிட்டுத்தான் கேட்கிறார்கள். முதலில் கணினியின் அடிப்பக்கத்தைத் திறந்து பாருங்கள், கடைக்கு அப்புறம் போகலாம்.

கோட்டையூர், கல்லூரி மாணவர்: அண்ணா, என் அக்கா 2013இல் வாங்கிய மடிக்கணினி என்னிடம் இருக்கிறது. 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். திரை வர ஐந்து நிமிடம் ஆகிறது. எஸ்.எஸ்.டி. போட்டால் பழைய டிஸ்க்கை எடுத்துவிட வேண்டுமா?

வேண்டியதில்லை, தம்பி. எஸ்.எஸ்.டி. என்பது சுற்றும் தட்டுக்குப் பதில் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் வேகமான டிஸ்க். பக்கவாட்டில் டிவிடி டிரைவ் இருக்கும், பாருங்கள். அதைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? அதைக் கழற்றிவிட்டு, அதே அளவில் ஒரு தகரக் கூடு வாங்கி, அதற்குள் டிஸ்க்கை வைத்துச் செருகலாம். கடையில் இதற்குப் பெயர் கேடி. போலீஸ் பட்டியல் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை. அப்படிக் கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். சில நூறு ரூபாய்தான்.

எதை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். புதிய எஸ்.எஸ்.டி.யைக் கேடியில் போட்டுவிட்டு, பழைய டிஸ்க்கை இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். பல பழைய கணினிகளில் டிஸ்க் இருக்கும் இடத்துக்குச் சாட்டா (டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் முறை) மூன்றாம் தலைமுறை இணைப்பும், டிவிடி இடத்துக்கு இரண்டாம் அல்லது முதல் தலைமுறை இணைப்பும் கொடுத்திருப்பார்கள். மூன்றாம் தலைமுறையில் எஸ்.எஸ்.டி. நொடிக்கு 550 எம்.பி. வரை ஓடும்; இரண்டாம் தலைமுறையில் 280ஐத் தாண்டாது. பழைய ஹார்ட் டிஸ்க் எங்கே இருந்தாலும் நொடிக்கு 100 எம்.பி. சொச்சம்தான் தரும், அதற்கு எந்த இடமும் ஒன்றே. நம் வீடுகளில் நாளும் புழங்குவதை வளவிலும், நெல் மூட்டையையும் சீர்ப் பாத்திரத்தையும் இரண்டாம் கட்டிலும் வைப்பதில்லையா? அதே கணக்கு. விண்டோஸும் மென்பொருள்களும் எஸ்.எஸ்.டி.யில், படமும் பாட்டும் பழைய டிஸ்க்கில்.

ஐந்து நிமிடக் காத்திருப்புக்குக் காரணம் வெறும் வேகக் குறைவு அல்ல. நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் தட்டில், வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வருவதற்கே சராசரி ஐந்தரை மில்லிசெகண்ட் ஆகும். ஊசி நகர்வதற்கு அதற்கு மேலும் ஆகும். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை இப்படித் தேடித் தேடி எடுக்கிறது. எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டும் கிடையாது, ஊசியும் கிடையாது.

புதுவயல், அரிசி ஆலை அலுவலகம்: கேடி வாங்கிவிட்டோம். உள்ளே போக மறுக்கிறது.

12.7 மி.மீ. கேடி வாங்கியிருப்பீர்கள், உங்கள் கணினிக்கு 9.5 தேவைப்பட்டிருக்கும். இந்த இரண்டு தடிமன்தான் பொதுவாகப் புழக்கத்தில் உள்ளன. டிவிடி டிரைவைக் கழற்றி, முன்பக்க முகமூடியை விட்டுவிட்டு, தகர உடம்பை அளந்து பார்த்த பிறகு வாங்கவேண்டும். தட்டிச் செருகாதீர்கள், உள்ளே இருக்கும் இணைப்பு ஒடிந்தால் மதர்போர்டு வேலை.

அந்தக் கணினி எப்படியும் பட்டறைக்கு வரட்டும். சென்ற மாதம் உங்கள் ஊரிலிருந்து வந்த ஒன்றைத் திறந்தபோது, விசிறிக்கும் வெப்பத் தகடுக்கும் நடுவில் தவிடு அடை தட்டியது போல் படிந்திருந்தது. சாமணத்தால் பிடித்து இழுத்தேன், ஒரே துண்டாகக் கையோடு வந்தது. அதன்பின் கணினியின் பாதி நோய் டிஸ்க் மாற்றாமலே தீர்ந்தது.

தேவகோட்டை, ஓர் ஆச்சி: தம்பி, ஐயா பர்மாவில் இருந்த காலத்துப் படங்களைப் பேரன் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிக் கொடுத்தான். இரண்டு டிஸ்க் போட்டு இரண்டிலும் வைத்தால் பத்திரம்தானே?

இல்லை, ஆச்சி. பெட்டகச் சாவி இரண்டையும் ஒரே கொத்தில் கோத்து வைப்பது போன்றது அது. கணினி கீழே விழுந்தாலும், திருட்டுப் போனாலும், இடி மின்னலில் மின்சாரம் ஏறி அடித்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும். உள்ளே ஒன்று இருக்கட்டும். வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு பிரதி எடுத்து மகள் வீட்டில் வையுங்கள். மூன்றாவதைப் பேரனே இணையத்தில் ஏற்றி வைக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எஸ்.எஸ்.டி.யில் படங்களைப் போட்டு அலமாரியில் பூட்டி வைக்கிறார்கள் சிலர். அது தரவை மின்னூட்டமாகப் பிடித்து வைத்திருக்கிறது. மின்சாரம் காட்டாமல் விட்டால் அந்த ஊட்டம் மெல்ல மெல்லக் கசியும், வெயில் ஏற ஏறக் கசிவும் கூடும். எழுதி எழுதித் தேய்ந்த எஸ்.எஸ்.டி. 30 டிகிரியில் ஓராண்டு தாங்கினால் போதும் என்பதே சாதாரணக் கணினிகளுக்கான தொழில்தரம். நம்மூர்ச் சித்திரை வெயில் 30 டிகிரியோடு நிற்பதில்லை. பூட்டி வைக்க ஹார்ட் டிஸ்க்கே மேல். அதையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணைத்துத் திறந்து பாருங்கள்.

பள்ளத்தூர்: வீட்டில் 4 டி.பி. வெளி ஹார்ட் டிஸ்க் சும்மா கிடக்கிறது. வெளிக்கூட்டை உடைத்து உள்ளே இருப்பதைக் கேடியில் போடலாமா?

போடமுடியாது. அந்தக் கொள்ளளவில் உள்ளே இருப்பது பெரும்பாலும் 15 மி.மீ. தடிமன். பெரும்பாலான கேடிகள் 9.5க்கு மேல் ஏற்காது. சிறிய கொள்ளளவிலும் சிலவற்றில் யூ.எஸ்.பி. வாயை டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள். சாட்டா வாயே இருக்காது. உடைத்த பிறகுதான் இது தெரியும். வெளியிலேயே இருக்கட்டும், ஆச்சிக்குச் சொன்ன வேலைக்கு ஆகும்.

காரைக்குடி, கணக்கர்: என்னுடையது மெல்லிய வகை. டிவிடி டிரைவ் கிடையாது. எனக்கு வழி?

அடிமூடியைத் திறந்தால், சூயிங்கம் பட்டை அளவில் ஒரு வெற்றுச் செருகி தென்படலாம். அது எம்.2. இருந்தால் அதிர்ஷ்டம், ஆனால் உடனே ஆர்டர் போடாதீர்கள். வடிவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இரண்டு சாதிகள்: முன்பு சொன்ன சாட்டா, அதைவிட வேகமான என்.வி.எம்.இ. சாட்டா மட்டும் பேசத் தெரிந்த செருகியில் என்.வி.எம்.இ. அட்டையைப் போட்டால் கணினி அதைக் கண்டுகொள்ளாது. என்.வி.எம்.இ. அட்டையின் பல்வரிசையில் பெரும்பாலும் ஒரே வெட்டு இருக்கும். சாட்டா அட்டையில் பொதுவாக இரண்டு. நீளத்தையும் பாருங்கள்: 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். 2242க்கு மட்டும் இடம் விட்ட கணினிகளும் உண்டு. மாடல் எண்ணை வைத்துச் சேவைக் கையேட்டில் சரிபார்ப்பதே நிச்சயம். வைஃபை அட்டை உட்கார்ந்திருக்கும் செருகியும் பார்வைக்கு இதேபோல் இருக்கும், அதைத் தொடாதீர்கள்.

கானாடுகாத்தான், வீட்டு விடுதி நடத்துபவர்: பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்.எஸ்.டி.க்குப் பிரதி எடுத்தேன். இரண்டையும் போட்டேன். வேகத்தில் மாற்றமே இல்லை.

கணினி இன்னும் பழைய டிஸ்க்கிலிருந்துதான் எழுகிறது. பழையதைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, எஸ்.எஸ்.டி.யை மட்டும் வைத்து ஒருமுறை இயக்குங்கள். எழுந்தால் பிரதி சரி. பிறகு பழையதைக் கேடியில் போட்டு, பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் எழும் அமைப்புத் திரை) எஸ்.எஸ்.டி.யிலிருந்து முதலில் எழும்படி வையுங்கள். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்த பிறகே பழையதில் இருக்கும் விண்டோஸை அழிக்கவேண்டும்.

பிரதி எடுக்கும்போது எது மூலம், எது நகல் என்று மூன்று முறை பார்ப்பேன் நான். ஆரம்ப காலத்தில் ஒருமுறை மாற்றிச் சொடுக்கி, வெற்று டிஸ்க்கை நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதிவிட்டேன். ஒரு வீட்டின் கல்யாணப் படங்கள் முழுவதும் போயின. அந்தச் செட்டியார் ஒரு வார்த்தை திட்டவில்லை, "சரி, விடு" என்றார். திட்டியிருந்தால் தேவலை. இப்போது இரண்டும் ஒரே கொள்ளளவாக இருந்தால் ஒன்றின் மேல் சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டாமல் வேலையைத் தொடங்குவதில்லை.

ஆத்தங்குடி: புது டிஸ்க்கைக் கேடியில் போட்டோம், மை கம்ப்யூட்டரில் காணவில்லை.

விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். அங்கே கருப்புப் பட்டையோடு தெரிந்தால் குறை ஏதும் இல்லை. இனிஷியலைஸ் செய்து (புது டிஸ்க்கைத் தயார்படுத்துவது), பகுதி பிரித்து, டி, ஈ போல ஓர் எழுத்துக் கொடுத்தால் வந்துவிடும். 1 டி.பி.க்கு 931 ஜி.பி. காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அது எண்ணும் முறையில் வரும் வித்தியாசம். அங்கேயும் தெரியாவிட்டால் கேடியின் ஓரத்தைப் பாருங்கள். சில மலிவுக் கேடிகளில் அரிசி மணி அளவில் ஒரு சுவிட்ச் இருக்கும், மூன்று நிலைகள். ஈர்க்குச்சி முனையால் ஒவ்வொன்றாக நகர்த்திச் சோதியுங்கள். ஒவ்வொரு முறையும் கணினி அணைந்திருக்கவேண்டும்.

கோட்டையூர் மாணவர், மறுபடியும்: எஸ்.எஸ்.டி. போட்டால் விண்டோஸ் 11 ஏறுமா?

முறைப்படி ஏறாது. இன்டெல் என்றால் குறைந்தது எட்டாம் தலைமுறைச் செயலியும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது, 2013 கணினியில் இரண்டும் இருக்காது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. படிப்புக்குத்தான் என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுத் தருகிறேன், வாருங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: நானே கழற்றலாமா?

தாராளமாக. கணினியை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்துங்கள். கழற்றிய திருகுகளை ஒரு தாளில் கணினியின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் வையுங்கள். நீளம் மாறினால் மேல்பக்கம் துளைத்துக்கொண்டு வரும். டிவிடி டிரைவைப் பெரும்பாலும் ஒரே திருகுதான் பிடித்திருக்கும். அதன் முன்முகத்தையும் பின்னால் இருக்கும் சிறிய தகரத் துண்டையும் கழற்றிக் கேடிக்கு மாற்றினால்தான் பார்க்கப் பழையபடி இருக்கும், ஆடாமலும் நிற்கும்.

கழற்றும் முன் அதன் ஊசித் துளையில் ஒரு கம்பியை விட்டுத் தட்டை வெளியே இழுத்துப் பாருங்கள். என் மேசை இழுப்பறையில் இப்படிச் சிக்கிய அறுபதாம் கல்யாண டிவிடி மூன்று கிடக்கிறது. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.