சோலார் கட்டடம்: பிளான் போடும்போதே கேளுங்கள்

கேள்வி: சென்னையில் வீடு கட்டப் போகிறோம். மொட்டை மாடி 1,000 சதுர அடி. 10 கிலோவாட் சோலார் போடலாமா?

ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். கணக்கு சரிதான், சிக்கல் நிழலில்தான் இருக்கிறது. பேனல்களை வரிசையாகத்தான் இணைப்பார்கள். ஒன்றின் மேல் விழும் நிழல் மொத்த வரிசையின் உற்பத்தியையும் இழுத்துவிடும். சென்னையில் மார்கழி நண்பகலில் 10 அடி உயர ஹெட்ரூமின் (மாடிப்படி மேலே முடியும் அறை) நிழல் வடக்கே ஏழடிக்கு மேல் நீளும். காலையிலும் மாலையிலும் இன்னும் அதிகம். அதனால் ஹெட்ரூமும் தண்ணீர்த் தொட்டியும் வடக்கு ஓரத்துக்குப் போகட்டும். வாஸ்துப்படி தொட்டி கன்னி மூலையில் (தென்மேற்கு)தான் என்று வீட்டில் பிடிவாதமா? சரி, பேனல் ஸ்டாண்டை உயர்த்தித் தொட்டிக்கும் மேலே கொண்டுபோங்கள். தொட்டியைக் கழுவ ஆள் ஏறும் இடைவெளி மட்டும் இருக்கட்டும். ஸ்டாண்டுக்கான கான்கிரீட் பீடங்களைத் தளம் போடும்போதே வார்த்துவிடச் சொல்லுங்கள். பிறகு தளத்தைத் துளைத்தால் ஒழுகும். வெறுமனே தூக்கி வைத்தால் புயலுக்குத் தாங்காது.

கேள்வி: மாடியில் பேனல் இருந்தும் கரண்ட் போனால் வீடே இருட்டாகிவிடுகிறது. பழுதா?

பழுதில்லை. லைனில் மின்சாரம் நின்றதும் பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித்தரும் சாதாரண சோலார் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் மீது உங்கள் வீட்டு மின்சாரம் பாயக் கூடாதே! கரண்ட் போனாலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடும் இயங்கும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை. வயரிங் போடும்போதே லைட், ஃபேன், ஃபிரிட்ஜ் மூன்றுக்கும் தனி டிபி (மின் விநியோகப் பெட்டி) வையுங்கள். ஏ.சி.யையும் மோட்டாரையும் அதில் சேர்க்காதீர்கள். 500 வாட் லோடு என்றால் 5 யூனிட் சேமிக்கும் பேட்டரி ஏறக்குறைய ஓர் இரவைத் தாண்டும்.

கேள்வி: பேட்டரியை மாடிப்படிக்கு அடியில் வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். தீப்பிடித்தால் நீங்கள் தப்பி ஓட வேண்டிய வழி அது. மொட்டை மாடிச் சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். தரைத்தளம் என்றால் 2015 வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். முதல் மாடியில், வெயில் படாத, காற்றோட்டமான யூட்டிலிட்டி நல்ல இடம்.

கேள்வி: பல மாடி அலுவலகத்துக்குக் கூரை போதுமா?

போதாது. தில்லியில் 2014இல் திறந்த மத்திய சுற்றுச்சூழல் அமைச்சக அலுவலகமான இந்திரா பர்யாவரண் பவனில் 930 கிலோவாட் பேனல்களுக்காகக் கூரையைச் சுவருக்கு வெளியேயும் நீட்டினார்கள். நடுமுற்றம் வைத்து, பகல் வெளிச்சத்தை உள்ளே கொண்டுவந்து மின்தேவையையும் குறைத்தார்கள். ஏ.சி. அதிகமுள்ள கட்டடத்தில், பகலில் கிடைக்கும் சோலார் மின்சாரத்தால் தண்ணீரைக் குளிர வைத்துப் பெரிய தொட்டியில் சேமித்தால் மாலை ஏ.சி.க்கு அது உதவும். அதற்கான இடத்தை அடித்தள வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள்.