சிக்கல் சாவியின் நீளத்தில் இல்லை

முகாம் வேலி சென்சார்களில் ஏஇஎஸ் மறையாக்கத்தின் (செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் முறை) சாவியை 128 பிட்டிலிருந்து 256 பிட் ஆக்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. பேட்டரி மாற்றினால் நான்ஸ் (ஒவ்வொரு செய்திக்கும் ஒரே ஒருமுறை பயன்படுத்த வேண்டிய எண்) கவுன்ட்டர் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் பெரிய ஓட்டை. ஏஇஎஸ்ஸால் செய்தியை மறைத்து, அது போலியா என்றும் சரிபார்க்கும் ஜிசிஎம் முறையில் ஒரே சாவியோடு ஒரே நான்ஸ் மறுபடி வந்தால் செய்திகள் கசிவதோடு நிற்காது, எதிரி போலிச் செய்தியே அனுப்பலாம். சாவி எத்தனை பிட் இருந்தாலும் இதேதான்.

கவுன்ட்டரை ஃபிளாஷில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) சேமியுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் எழுதினால் ஃபிளாஷ் தேய்ந்துவிடும். அதனால் 1000 எண்களை ஒரே தடவையில் முன்பே ஒதுக்கி எழுதிவிட்டு, ரீபூட் ஆனதும் அடுத்த ஆயிரத்திலிருந்து தொடங்கலாம்.

அப்புறம், எல்லாக் கருவிக்கும் ஒரே சாவி வேண்டவே வேண்டாம். களத்தில் ஒன்று எதிரியிடம் சிக்கினால் மொத்த வலையமைப்பும் போய்விடும். கருவிக்கு ஒரு சாவி கொடுங்கள், சிப்பின் உள்ளே இருப்பதைப் படிக்க வழிவிடும் ஜேடேக் போர்ட்டையும் பூட்டுங்கள்.