மொபுட்டுவின் படை எங்கே போனது?

வணக்கம் சார்,

சயீர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) அதிபர் மொபுட்டுவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஏறக்குறைய 32 ஆண்டுகள் ஆண்டவர் ஏழே மாதத்தில் விழுந்திருக்கிறார். அது உள்நாட்டுக் கிளர்ச்சியா, ருவாண்டாவின் படையெடுப்பா? படையெடுப்பு என்றால், தன்னைவிடக் கிட்டத்தட்ட 90 மடங்கு பெரிய நாட்டை ருவாண்டாவால் எப்படிப் பிடிக்க முடிந்தது?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

பெரும்பாலும் படையெடுப்புதான். கிழக்கு சயீரில் வாழ்ந்த துட்சி இனத்தாருக்குக் குடியுரிமையைப் பறித்த கோபம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் தான்சானியாவில் ஒதுங்கிக் கிடந்த பழைய புரட்சிக்காரர் லோரான் கபிலாவைக் கூட்டிவந்து 1996 அக்டோபரில் கிளர்ச்சித் தலைவராக முன்னால் நிறுத்தியவை ருவாண்டாவும் உகாண்டாவும். மறுவருடம் ருவாண்டாவின் அன்றைய துணை அதிபர் பால் ககாமே இதைப் பத்திரிகைப் பேட்டியிலேயே ஒத்துக்கொண்டார். 1994இல் ருவாண்டாவில் துட்சிகளை இனப்படுகொலை செய்தவர்கள், அகதிகளோடு அகதிகளாக எல்லை தாண்டிப்போய், மொபுட்டுவின் நிழலில் மறுபடி ஆயுதம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ருவாண்டா சும்மா இருக்குமா? அங்கோலாவும் சேர்ந்துகொண்டது. அதன் எதிரியான அங்கோலாக் கிளர்ச்சித் தலைவர் சவிம்பிக்கு மொபுட்டு செய்த உதவிக்குப் பழைய கணக்கு பாக்கி இருந்தது.

சரி, எப்படி முடிந்தது? மொபுட்டு தன் ராணுவத்தைக் கண்டுதான் அதிகம் பயந்தார். சொந்த வட்டாரத்து ஆட்களைக் கொண்ட அதிபர் காவல் படைக்கு மட்டும் ஒழுங்காகச் சம்பளம். மற்றவர்கள் ஜனங்களிடம் பிடுங்கிப் பிழைத்தார்கள். 1993 ஜனவரியில் சிப்பாய்களுக்குப் புதிதாக அடித்த 50 லட்சம் சயீர் நோட்டில் சம்பளம் கொடுத்தார்கள். அந்த நோட்டு செல்லாது என்று எதிர்க்கட்சித் தலைவர் சிசெகேடி முன்பே அறிவித்திருந்தார். கடைக்காரர்கள் வாங்க மறுத்தார்கள். கையில் 50 லட்சம், ஆனால் அதற்கு எதுவும் வாங்க முடியாது! ஆத்திரத்தில் சிப்பாய்கள் தலைநகர் கின்ஷாசாவைச் சூறையாடினார்கள். அந்தக் கலவரத்தில் பிரெஞ்சுத் தூதரே குண்டடிபட்டுச் செத்தார்.

அந்தச் சிப்பாய்தான் 1996இல் போர்முனைக்குப் போனான். பல ஊர்களில் எதிரி வருமுன்பே கடைகளைக் கொள்ளையடித்துவிட்டு ஓட்டம் பிடித்தான். பின்னாலேயே கபிலாவின் படையைச் சேர்ந்த, ரப்பர் பூட்ஸ் போட்ட சிறுவர்கள் துப்பாக்கியோடு நடந்து வந்தார்கள். கபிலா யாரென்றே தெரியாத ஊர்களும் அவர்களை வரவேற்றதில் ஆச்சரியம் இல்லை. நீங்கள் கேட்ட உள்நாட்டுக் கிளர்ச்சியில் மக்களின் பங்கு என்றால் இதுதான்.

முன்பெல்லாம் மொபுட்டுவை வெளியார் வந்து காப்பாற்றினார்கள். 1977இல் மொராக்கோ வீரர்களை பிரெஞ்சு விமானங்கள் இறக்கின. 1978இல் சயீரின் கொல்வேசி நகருக்கு பிரெஞ்சுப் படையே வந்தது. பனிப்போர் முடிந்ததும் மொபுட்டு யாருக்கும் வேண்டாதவர் ஆனார். இந்த முறை கிடைத்தது செர்பியக் கூலிப்படை. அந்தக் கூலிப்படையால் கிசங்கானி நகரைக்கூடக் காக்க முடியவில்லை. 1997 மே 16 அன்று, ஏற்கனவே புற்றுநோயில் வாடிக்கொண்டிருந்த மொபுட்டு தலைநகரை விட்டுக் கிளம்பினார். மறுநாள் கபிலாவின் படை உள்ளே நுழைந்தது.

அப்புறம் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். புதிய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக உட்கார்ந்தவர் ஜேம்ஸ் கபாரெபே, ருவாண்டா அதிகாரி. வேறொரு நாட்டுக்காரர் தளபதியாக இருப்பதை எந்த ஊர் ஜனம் பொறுக்கும்? 1998 ஜூலையில் கபிலா அவரை நீக்கி, ருவாண்டாப் படைகளையும் வெளியேறச் சொன்னார். அடுத்த மாதமே கபாரெபே கடத்திய விமானத்தில் வீரர்களோடு மேற்கே கிட்டோனா தளத்தில் இறங்கி, கின்ஷாசாவை நோக்கி வந்தார். அவரைத் தடுத்துக் கபிலாவைக் காப்பாற்ற அங்கோலாவும் ஜிம்பாப்வேயும் படை அனுப்ப வேண்டியிருந்தது.